சித்தி என்னை ஃபெயில் ஆக்கிய சனிக்கிழமை

"தங்கச்சி மறுபடியும் இன்ஸ்பெக்டர் வேலை இன்டர்வியூக்குப் போறா" என்று அம்மா சொன்ன இடம் தப்பு. ஞாயிறு ஆராதனை முடிந்து, தாராவியில் எங்கள் சர்ச் வாசலில், அத்தனை பேரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம். அடுத்த நிமிடமே கூட்டம் கூடிவிட்டது.

"போலீஸ்லயா?" என்றார் பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் அத்தை. "அப்பம் எங்க வீட்டு ஸ்கூட்டர் காணாமப் போச்சுல்லா, அதக் கொஞ்சம் பாக்கச் சொல்லு."

"முனிசிபாலிட்டியா இருக்கும்," என்றார் தோல் பை பட்டறை வைத்திருக்கும் மாமா. அவர் முகம் அப்படியே சுருங்கிவிட்டது. "மாடியில ஒரு ஷீட்டு எறக்கிருக்கேன். அதுக்கும் வந்து நிப்பாளோ?"

"அரே, ப்ளேன் இன்ஸ்பெக்டர்!" என்று கத்தினேன். "பைலட்டுங்க ஒழுங்கா ஓட்டுறாங்களான்னு செக் பண்ற கவர்மெண்ட் வேலை."

"அப்பம் இனிமே உங்க சித்தி ஓட்ட மாட்டாளா?"

"பெரும்பாலும் பின்னாடி உக்காந்து பாப்பாங்க."

அத்தைக்குப் பெரிய ஏமாற்றம். "ஓட்டுற வேலைய விட்டுட்டு பாக்குற வேலைக்கா போறா? நல்லாத்தான இருந்தா."

அத்தையை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஏரியாவில் இன்ஸ்பெக்டர் என்றால் ஒரே அர்த்தம்தான். ஒருவர் வருவார், எல்லோரும் திடீரென்று மரியாதையாக நிற்பார்கள், யாராவது ஓடிப்போய் அரை கிளாஸ் கட்டிங் சாயும் பிஸ்கட்டும் வாங்கி வருவார்கள், அவர் குடித்துவிட்டு "டீக் ஹை", எல்லாம் சரி என்று போய்விடுவார். கேப்டன் என்றால் அப்படியில்லை. தோளில் நான்கு தங்கக் கோடு போட்டுக்கொண்டு சித்தி ஒரு முறை யூனிஃபார்மோடு எங்கள் பில்டிங்குக்கு வந்தபோது, லிஃப்டில் இருந்தவர்கள் இறங்கி அவளுக்கு இடம் விட்டார்கள். அவள் போக வேண்டியது முதல் மாடி.

சித்தி என் அம்மாவின் தங்கை. வயது நாற்பத்தொன்று. தாராவியில் பிறந்து வளர்ந்தவள், இப்போது செம்பூரில் இருக்கிறாள். இரண்டு விசிறி வைத்த சின்ன விமானத்தின் கேப்டன். ஒரு நாளில் நான்கு ஊர், ஐந்து ஊர் என்று பஸ் மாதிரி ஏறி இறங்குகிற விமானம். அந்த வேலையை விட்டுவிட்டு அரசாங்கத்தின் விமானப் பாதுகாப்பு அலுவலகத்தில் இன்ஸ்பெக்டராகப் போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அங்கே போனவர்கள் விமானங்களில் ஏறி, காக்பிட்டில் இரண்டு பைலட்டுகளுக்கும் பின்னால் மடக்கி வைத்திருக்கும் சின்ன இருக்கையை விரித்து உட்கார்ந்து, அவர்கள் செய்வதையெல்லாம் வாய் திறக்காமல் பார்ப்பார்கள். இறங்கியதும் தேறினாயா இல்லையா என்று முகத்துக்கு நேராகச் சொல்வார்கள்.

இந்த முகத்துக்கு நேராக என்பதில்தான் சித்திக்குச் சிக்கல்.

சித்திக்கு ஒரு வார்த்தை உண்டு. "பரவால்ல." டெய்லர் பிளவுஸில் ஒரு கையை நீளமாகவும் ஒரு கையைக் குட்டையாகவும் தைத்துக் கொடுத்தால், பரவால்ல. அவளுடைய லேப்டாப் மேல் நான் சாயைக் கொட்டினால், பரவால்ல. ஒரு ஆட்டோக்காரர் செம்பூர் என்று ஏற்றிக்கொண்டு குர்லாவில் கொண்டுபோய் நிறுத்தினார். "பரவால்ல, குர்லா பாத்து ரொம்ப நாளாச்சு" என்று இறங்கிவிட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். எனக்குத் தலையை எங்காவது முட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

போன வருடமும் இந்த வேலைக்கு டெல்லி போனாள். கேள்விக்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொல்லியிருக்கிறாள். கடைசியில் சிமுலேட்டரில் பின்னால் உட்கார வைத்தார்கள். தரையில் நின்றுகொண்டே பறக்கிற மாதிரி ஆடுகிற, அச்சு அசலான காக்பிட் அது. முன்னால் இரண்டு பைலட்டுகள் ஓட்டினார்கள், ஒருவர் வேண்டுமென்றே ஒரு தப்பு செய்தார். முடிந்ததும் அவரிடம் முடிவைச் சொல்ல வேண்டியது சித்தியின் வேலை. சித்தி அவர் முகத்தைப் பார்த்தாள். "இட்ஸ் ஓகே, கேப்டன்" என்றாள்.

அவ்வளவுதான். அடுத்த விமானத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது இரண்டாவது வாய்ப்பு. இன்னொரு முறை கோட்டைவிட்டால் மூன்றாவது முறை கூப்பிடுவார்களா என்பது சந்தேகம் என்று அவளே சொன்னாள்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று அப்பா கேட்டார். கொழுந்தியாள் பைலட் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார், அந்தக் கவலை அவருக்கு. "இன்ஸ்பெக்டர்னா மூஞ்சியில ஒரு கடுப்பு வேணும். உங்கிட்ட அது மருந்துக்கும் கெடையாது."

சித்தி சிரித்தாள். பிறகு ஒரு விஷயம் சொன்னாள். அவள் துணை பைலட்டாக இருந்த காலம். ஒரு சின்ன ஊரில் இறங்கும்போது விமானம் இருக்க வேண்டியதைவிட உயரத்தில் இருந்தது, வேகமும் கூட. இறங்காமல் மறுபடி மேலே ஏறிச் சுற்றி வர வேண்டும், சட்டம் அதுதான். சித்தி சொன்னாள். ஆனால் எப்படிச் சொன்னாள் என்றால், பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்கிற மாதிரி. கேப்டன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இறக்கிவிட்டார். டயர் கொஞ்சம் சூடானதோடு சரி. பயணிகள் கை தட்டினார்களாம்.

"இறங்குனதும் கேப்டன் என்னையப் பாத்து சிரிச்சாக, அத்தான். நானும் பரவால்லன்னு சிரிச்சேன். அந்தச் சிரிப்புதான் இன்னமும் மனசுல கெடக்கு. பின்னால அந்த சீட்டுல யாராச்சும் இருந்திருந்தா, ரெண்டு பேரையும் உக்கார வச்சு கேட்டிருப்பாக. அந்த ஆளா இருக்கணும் எனக்கு."

அப்படியானால் அவளை ஃபெயில் போடப் பழக்கியாக வேண்டும் என்று வீட்டில் முடிவாயிற்று.

அம்மாதான் முதலில் களத்தில் இறங்கினாள். "நான் வைக்கிற சாளை மீன் கொழம்ப ஃபெயில் பண்ணு, பாப்போம்" என்றாள். சித்தி ஒரு கவளம் சாப்பிட்டாள். யோசித்தாள். இன்னொரு கவளம்.

"உப்பு லேசா... பரவால்லக்கா, நல்லாத்தான் இருக்கு."

"ஏட்டி, அதுல உப்பே போடல நான்! ஒரு கல்லு கூட போடல!"

அப்பா தட்டைத் தள்ளிவிட்டுச் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டு மராத்திக்காரர்கள் என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் எனக்கு ஐடியா வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சித்திக்காக வந்த ஐடியா இல்லை. காலேஜ் முடித்த நாங்கள் ஐந்து பேர் மழையில் லோனாவ்லா போகத் திட்டம் போட்டிருந்தோம். அப்பாவின் பழைய வெள்ளைக் கார் சும்மாதான் நிற்கிறது. என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் காட் ரோடு என்கிற அந்த மலைப்பாதைக்கு நான் காரை எடுப்பேன் என்றால் அப்பா சாவியைத் தலையணைக்குக் கீழ் வைத்துக்கொண்டு தூங்குவார்.

"அப்பா, சித்தி இன்ஸ்பெக்டர், நான் பைலட். நான் ஓட்டுறேன், அவங்க பின்னாடி உக்காந்து செக் பண்ணட்டும். பாஸ்னு எழுதிக் குடுத்தா சாவி எனக்கு. அவங்களுக்கும் ப்ராக்டிஸ். க்யா போல்தே?"

அப்பா யோசித்தார். "கேப்டன் கையெழுத்துப் போட்டா நான் ஏன் வேண்டாங்கேன்?"

ஜாக்பாட். உப்பில்லாத குழம்பைப் பாஸ் பண்ணியவள் என்னையா ஃபெயில் பண்ணப் போகிறாள்? உடனே க்ரூப்பில் மெசேஜ் போட்டேன்: கார் பக்கா, ஸ்நாக்ஸ் யார் கொண்டு வருகிறீர்கள்?

முதல் ஓட்டம் வியாழக்கிழமை. சித்தி ஒரு அட்டையில் தாளைச் செருகி, பேனாவோடு பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்தாள். தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து சயான் போய்த் திரும்ப வேண்டும். நான் கிளம்பி ஐம்பது அடி போன பிறகுதான் பெல்ட் ஞாபகம் வந்தது.

"ஐயோ சித்தி, பெல்ட்!"

"பரவால்ல, போட்டுக்கோ" என்றாள். சொன்ன உடனே அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். "வண்டிய நிறுத்து. இது செல்லாது."

"அரே, இதுக்கெல்லாமா?"

"நான் ஃபெயில். நீ இல்ல, நான்." தாளைக் கிழித்துவிட்டாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. எனக்குள்ளே மட்டும் ஒரே கொண்டாட்டம்.

சனிக்கிழமை இரண்டாவது ஓட்டம். ஞாயிறு காலை லோனாவ்லா. செவ்வாய் சித்திக்கு டெல்லி. இந்த முறை பாதை நீளம்: சயான் தாண்டி மாட்டுங்கா, கிங் சர்க்கிள் சுற்றித் திரும்பி வீடு. பெல்ட்டை வண்டி ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே போட்டுக்கொண்டேன். சித்தி பின்னால் ஒரு வார்த்தை பேசவில்லை. பேனா காகிதத்தில் கீறுகிற சத்தம் மட்டும் அவ்வப்போது கேட்டது. அது எரிச்சலாக இருந்தது. ஒரு ஆள் நம் பிடரியைப் பார்த்துக்கொண்டே எழுதினால் தெரியும்.

மாட்டுங்காவில் எங்கள் ஊர் டெக்னிக்கைப் பயன்படுத்தினேன். வண்டியை ஓரங்கட்டி, "சித்தி, ஃபில்டர் காபி?" என்றேன். இன்ஸ்பெக்டர் வந்தால் சாய் கொடுக்க வேண்டும், இது ரத்தத்தில் ஊறிய விஷயம்.

"டெஸ்ட்ல இருக்கும்போது இன்ஸ்பெக்டருக்கு ஒண்ணும் வாங்கித் தரக்கூடாது."

"காபிதான!"

"காபியும்."

"பிந்தாஸ் குடிங்க, யார் பாக்கப் போறா?"

"நீதான் பாக்குற" என்றாள். அவளே இறங்கிப் போய் அவளுக்கு மட்டும் ஒரு காபி வாங்கிக் குடித்துவிட்டு வந்து மறுபடி நடு சீட்டில் உட்கார்ந்தாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அந்த வாசனையை மட்டும் குடித்தேன்.

மற்றபடி ஓட்டம் சூப்பர். யார் மேலும் இடிக்கவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை, பம்பாயில் அதுவே பெரிய விஷயம். வீட்டுக்குக் கீழே டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ஒரே வெட்டில் பார்க் பண்ணினேன். கையை நீட்டினேன்.

"கையெழுத்து, மேடம்."

"என்ஜின ஆஃப் பண்ணு. திரும்பி உக்காரு." குரல் வேறு மாதிரி இருந்தது. விமானத்தில் ஸ்பீக்கரில் கேட்கும் குரல். "முடிவ மொதல்ல சொல்லிடுதேன். நீ தேறல."

"க்யா?"

"ஃபெயில்."

சிரித்துவிட்டேன். "வாஹ், சித்தி! ஏக்தம் இன்ஸ்பெக்டர் மாதிரியே பண்றீங்க. சரி, இப்ப நெசத்தச் சொல்லுங்க."

"இதான் நெசம். சயான் சிக்னல்ல மஞ்சள் விழுந்துட்டு. நிக்க எடம் இருந்துது, பின்னால வண்டியும் இல்ல. நீ நிக்கல, அமுக்குன. கிங் சர்க்கிள்ல லேன் மாறும்போது கண்ணாடியப் பாத்த. பின்னால என்ன வருதுன்னு பாக்கல, ஒன் முடியப் பாத்த. அப்புறம் போனு. அது மூணு தரம் மினுக்குச்சு. மூணு தரமும் ஒன் கண்ணு அங்க போச்சு."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அந்த மூன்று மெசேஜும் க்ரூப்பிலிருந்து வந்தவை. சிப்ஸா, தேப்லா ரொட்டியா என்ற விவாதம்.

"ஆனா ஒண்ணும் ஆகலல்ல!"

"ஆகல."

"பின்ன?"

"ஒண்ணும் ஆகலங்கறத வச்சு பாஸ் போட்டுக்கிட்டே வந்தா, என்னைக்கு ஏதாவது ஆகுதோ அன்னைக்குத்தான் ஃபெயில் போட முடியும். அன்னைக்குப் போட்டு யாருக்கு லாபம்?"

"உங்க இன்டர்வியூக்கு என் லோனாவ்லாதான் கெடச்சுதா?" கத்திவிட்டேன். வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். "ஃபெயில் பண்ணப் பழகணும்னா வேற யாரையாச்சும் பிடிங்க! அந்த டெய்லரப் பண்ணுங்க!"

சித்தி அட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் இளகிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் அழுதால் போதும் என்றும் நினைத்தேன், அதையும் மறைக்கவில்லை.

"இன்டர்வியூ இல்லன்னாலும் இதத்தான் சொல்லிருப்பேன்" என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். "இல்ல, பொய். சொல்லிருக்க மாட்டேன். சாவியக் குடுங்க அத்தான்னு சொல்லிட்டு, நீ திரும்பி வார வரைக்கும் போனப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். இந்தக் கார்ல அஞ்சு பிள்ளைய போறீய. காட் ரோடு. மழை."

மேலே போனோம். அப்பா தாளை வாங்கிப் படித்தார். அடியில் கட்டம் போட்டு, "தேறவில்லை. மறு பயிற்சி தேவை" என்று எழுதிக் கையெழுத்து இருந்தது. அப்பாவால் நம்ப முடியவில்லை.

"எம்மா, நம்ம பிள்ளல்லா. கொஞ்சம் பாத்து..."

"அத்தான், நீங்களுமா?"

அப்பா என்னைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பம் அவளுக்கு ஃபெயில் போட வந்துட்டு" என்று மட்டும் சொன்னாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியிருந்தது, ஆனால் அது வேறு டிபார்ட்மெண்ட்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போனோம். "அரே யார், கேப்டன் நே தேரி வாட் லகா தி", அதாவது கேப்டன் உனக்கு ஆப்பு வைத்துவிட்டார் என்று நால்வரும் கர்ஜத் வரை என்னை ஓட்டினார்கள். யாருக்கும் ஓட்டுகிற கவலை இல்லாததால் ஐந்து பேருமே வாசலுக்குப் பக்கத்தில் நின்று மழையில் நனைந்தோம், அருவியெல்லாம் பார்த்தோம், தேப்லா தின்றோம். சித்தியிடம் சொல்லவில்லை, செம ட்ரிப்.

திங்கட்கிழமையும் அவளோடு பேசவில்லை. அம்மாதான் சொன்னாள்: சனிக்கிழமை சித்தி எங்கள் வீட்டில் சாப்பிடாமலே போயிருக்கிறாள், இரண்டு முறை போன் பண்ணி நான் அழுதேனா என்று கேட்டிருக்கிறாள். செவ்வாய் காலை அவளுக்கு மெசேஜ் போட்டேன். "ஆல் தி பெஸ்ட். கோபம் இன்னும் இருக்கு." ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது.

டெல்லியில் நடந்ததை அவள் திரும்பி வந்து, எங்கள் வீட்டு சோபாவில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சொன்னாள். இந்த முறை சிமுலேட்டரில் ஓட்டியவர்கள் இருவருமே அவளைவிட மூத்தவர்கள். கேப்டனுக்கு நல்ல கை, பஞ்சு மாதிரி இறக்கினாராம். ஆனால் நடுவில், பார்த்துப் படித்தே ஆக வேண்டிய ஒரு செக்லிஸ்ட்டைக் கையில் எடுக்காமல், மனப்பாடமாகவே கடகடவென்று முடித்துவிட்டார். எல்லாம் சரியாகவும் இருந்தது.

"அவிய நரைச்ச மீசையப் பாத்தேன். எங்கப்பா வயசு இருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு அந்த ஓகே."

"அப்புறம்?" என்றேன். கோபமாக இருப்பதே மறந்து போயிருந்தது.

"முடிவ மொதல்ல சொன்னேன். திருப்தியில்லன்னு. அவிய ஒண்ணுமே ஆகலையேன்னு கேட்டாக. ஒன் மாதிரியே, அப்படியே அதே மூஞ்சி."

"நீங்க?"

"ஒங்கிட்ட சொன்னதையே சொன்னேன்."

பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த பெரிய அதிகாரி, இதற்கு முன் யாரையாவது ஃபெயில் பண்ணியிருக்கிறீர்களா என்று கேட்டாராம். ஒரே ஒருத்தரை, என்றாளாம் சித்தி. யார்? அக்கா பொண்ணு. எப்போது? மூணு நாள் முன்னால. அந்த அறையில் அத்தனை பேரும் சிரித்தார்களாம், நரைத்த மீசையும் சேர்த்து. எனக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் பெருமை. டெல்லியில் என் பெயர் தெரியாமலே நான் பிரபலம்.

முடிவு சொல்ல மூன்று வாரமாகும் என்று அனுப்பியிருந்தார்கள். அந்த மூன்று வாரமும் ஞாயிறு காலை ஆராதனைக்கு முன்னால் சித்தி செம்பூர்ச் சந்துகளில் எனக்கு மறு பயிற்சி கொடுத்தாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் பழைய சித்தி, பின் சீட்டுக்குப் போனால் அந்த ஸ்பீக்கர் குரல். முதலில் வைத்த மறு டெஸ்டிலும் ஃபெயில், போனை உள்ளே வைக்க மறந்துவிட்டேன். அதற்கு அடுத்ததில் தேறினேன். தேறினேன் என்று எழுதும்போதும் அவள் சிரிக்கவில்லை. அதனால்தான் அந்தத் தாளை வைத்திருக்கிறேன்.

போன் வந்தபோது நான் சென்ட்ரல் லைனில் லேடீஸ் பெட்டியில் தொங்கிக்கொண்டிருந்தேன். மத்தியானம், குர்லா. இறங்குகிறவர்கள் இறங்கவும் ஏறுகிறவர்கள் ஏறவும் ஒரே அடிதடி. சித்தியின் குரல் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

"...மெயில் வந்துட்டு ஏட்டி! எடுத்துட்டாக! ஒன்னாந் தேதிலேர்ந்து..."

நான் போட்ட சத்தத்தில் பெட்டியே திரும்பியது. பக்கத்தில் கீரைக்கட்டோடு உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்த வயதான மௌஸி ஒருவர், யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று என் கையைப் பிடித்தார்.

"க்யா ஹுவா, பேட்டா?"

"மேரி சித்தி கோ நௌக்ரி மில் கயி! கவர்மெண்ட்!"

"கௌன்ஸி நௌக்ரி?"

என்ன வேலை என்று எப்படிச் சொல்வது? யோசித்து, என் ஹிந்தியில் சுருக்கமாக விளக்கினேன். பெரிய பெரிய ஆம்பிளைகள் பின்னால் உட்கார்ந்து, அவர்கள் செய்வதையெல்லாம் பேசாமல் கவனித்து, கடைசியில் முகத்தைப் பார்த்து ஃபெயில் என்று சொல்கிற வேலை. அதற்கு அரசாங்கமே அடையாள அட்டையும் தரும்.

பிறகு மௌஸி கீரையைக் கீழே வைத்தார்.

"ஐஸா பி நௌக்ரி ஹோதா ஹை?" என்றார், இப்படியும் ஒரு வேலை உண்டா என்று. "ஃபார்ம் கஹான் மில்தா ஹை?" அந்த வேலைக்கு விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்.

சயான் வரும் வரை அந்தப் பெட்டியில் சிரிப்பு அடங்கவில்லை. இரண்டு பேர் நிஜமாகவே என்னிடம் வெப்சைட் கேட்டார்கள்.